உவமை சொன்னால் பொய்யாகுமா?



இம்மாதம் ஒரு தாய் எழுதியனுப்பிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய மகள் தரம் 9இல் படிக்கிறாள். தமிழ்ப் பாடத்துக்கு "என் உம்மா" என்ற தலைப்பில் கட்டுரை எழுதியவள், தன் உம்மாவின் முகம் முழுநிலவு என்றும் அவர் சிரித்தால் வீட்டுக்கே பெருநாள் என்றும் எழுதியிருந்தாள். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "முகம் எப்படிப் பிள்ளை நிலவாகும்? பெருநாள் வருடத்துக்கு இரண்டுதானே! இல்லாததை எழுதினால் அது பொய்தான்" என்று சொல்லிவிட்டார். பிள்ளை அந்த இரண்டு வரிகளையும் வெட்டிவிட்டு, "என் உம்மாவின் முகம் நல்ல முகம்" என்று மாற்றி எழுதிக் கொடுத்தாளாம். "ஹஸரத், இது உண்மையிலேயே பொய்யில் சேருமா? பிள்ளை இப்போது எதை எழுதவும் பயப்படுகிறாள்" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

பெரியவரைக் குறைசொல்ல நான் வரவில்லை. பொய்க்கு அஞ்சுவது ஈமானின் அடையாளம். அவருடைய சந்தேகமும் புதியதல்ல. சொல்லை அதன் நேர்ப் பொருளிலிருந்து வேறு பொருளுக்குக் கொண்டுபோவதை அரபு மொழியில் 'மஜாஸ்' என்பார்கள். இந்த மஜாஸ் பொய்யின் சகோதரன், ஆகவே அல்குர்ஆனில் அது இருக்கவே முடியாது என்று வாதிட்டவர்கள் முற்காலத்திலும் இருந்தார்கள். ஹிஜ்ரி 911இல் வஃபாத்தான இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் தமது 'அல்-இத்கான்' என்ற கிதாபில் அந்த வாதத்தை எடுத்துக்கூறி மறுக்கிறார்கள். மஜாஸை நீக்கிவிட்டால் அல்குர்ஆனின் அழகில் ஒரு பாதி போய்விடும் என்பது அவர்களுடைய கருத்து.

இனி, அந்தப் பிள்ளையின் நிலவுக்கு வருவோம். நபி (ஸல்) அவர்களுடைய திருமுகம் வாளைப் போன்று இருந்ததா என்று பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களிடம் ஒருவர் கேட்டார். இல்லை, சந்திரனைப் போன்று இருந்தது என்று அவர்கள் விடையளித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இந்தச் செய்தி பதிவாகியுள்ளது. முகத்துக்குச் சந்திரனை உவமை சொன்னவர் ஒரு நபித்தோழர்!

இதிலே இன்னுமொரு நுட்பம் இருக்கிறது. கேட்டவரும் உவமையாகத்தான் கேட்டார். வாளும் மின்னும், சந்திரனும் ஒளிரும். ஆனால் வாள் நீண்டது; அதன் மினுமினுப்பிலே ஒரு கடுமை உண்டு. சந்திரனோ வட்டமானது; அதன் ஒளி கண்ணைக் கூசச் செய்யாது. பராஉ (ரலி) அவர்கள் உவமையே கூடாது என்று சொல்லவில்லை. பொருந்தாத உவமையைத் தள்ளிப் பொருந்திய உவமையை வைத்தார்கள். ஆகவே உவமையிலும் சரி, பிழை என்று உண்டு. அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

அரபுக் கல்லூரிகளில் 'பலாகா' என்றொரு பாடம் இருக்கிறது. பேச்சும் எழுத்தும் கேட்பவர் மனதில் எப்படிச் சென்று சேர்கின்றன என்பதை ஆராயும் கலை அது. எகிப்தில் அலீ அல்-ஜாரிமும் முஸ்தஃபா அமீனும் சேர்ந்து எழுதிய 'அல்-பலாகத்துல் வாளிஹா' என்ற பாடநூலை ஓதியவர்களுக்கு, உவமையின் நான்கு உறுப்புகள் தூக்கத்திலும் வாயில் வரும். எது ஒப்பிடப்படுகிறது, எதனோடு ஒப்பிடப்படுகிறது, 'போல' என்ற சொல், இரண்டுக்கும் பொதுவான தன்மை ஆகியனவே அந்த நான்கு. தமிழிலும் இதே கணக்குத்தான். தொல்காப்பியத்தில் உவமவியல் என்று ஓர் இயலே இருக்கிறது. உவமை செயலாலும் பயனாலும் வடிவாலும் நிறத்தாலும் பிறக்கும் என்று அது வகுத்துச் சொல்கிறது.

இந்த நான்கிலும் பொதுத்தன்மையைத்தான் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1969ஆம் ஆண்டு மனிதன் சந்திரனில் காலடி வைத்தபோது அங்கே தூசியும் பாறையும் பள்ளங்களுமே காணப்பட்டன. அதற்காக, சந்திரன் போன்ற முகம் என்றால் அம்மைத் தழும்பு நிறைந்த முகம் என்று யாரும் விளங்கிக்கொள்வதில்லை. ஒப்பிடுபவர் ஒரு தன்மையை மாத்திரமே எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார். கேட்பவரும் அவ்வாறே விட்டுவிடுகிறார்.

வேதத்தைச் சுமந்தும் அதன்படி நடக்காதவர்களுக்கு, ஏடுகளைச் சுமக்கும் கழுதையை ஸூறதுல் ஜும்ஆ உவமை கூறுகின்றது. இங்கே கழுதையின் காதோ குரலோ பேச்சில்லை. முதுகு வலிக்கச் சுமக்கிறது, சுமப்பதில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பாடும் பட்டுப் பலனும் இழந்த அந்த நிலை முழுவதுமே உவமை. ஹிஜ்ரி 471இல் வஃபாத்தான அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானீ (ரஹ்) அவர்கள் 'அஸ்ராருல் பலாகா' என்ற நூலில் இதை விரித்து விளக்குகிறார்கள். கழுதையைத் தனியாக, சுமையைத் தனியாக, அறியாமையைத் தனியாக எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. மூன்றும் சேர்ந்தால்தான் பொருள் பிறக்கும் என்பது அவர்களுடைய விளக்கம். (வீட்டில் பிள்ளையைக் கோபத்தில் "கழுதை" என்று ஏசுகிறவர்கள் இதை ஆதாரமாகக் கொண்டுவர வேண்டாம்! அல்லாஹ் யாரை, எந்தக் குற்றத்துக்காக அப்படி ஒப்பிட்டான் என்பதைப் பாருங்கள்.)

பொய்யும் உருவகமும்

'போல' என்ற சொல்லை எடுத்துவிட்டால் உவமை உருவகமாகிறது. முகம் நிலவு போன்றது என்பது உவமை. முகம் நிலவு என்பது உருவகம். முகத்தைச் சொல்லாமலே, "எங்கள் வீட்டு நிலவு இன்று ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறது" என்றால் அது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. அரபியில் இதற்கு 'இஸ்திஆரா' என்று பெயர். இரவல் வாங்குதல் என்பது அதன் பொருள். பக்கத்து வீட்டில் பாத்திரம் இரவல் வாங்கிச் சமைப்பது போல, ஒரு பொருளின் பெயரை இன்னொன்றுக்காக இரவல் வாங்குகிறோம்.

இங்கேதான் பொய்யும் உருவகமும் பிரியும் இடம் இருக்கிறது. மத்ரஸாவில் இதற்கு வழமையாகச் சொல்லும் உதாரணம், "குளிக்கும் மண்டபத்தில் ஒரு சிங்கத்தைக் கண்டேன்" என்பதாகும். காட்டுச் சிங்கம் மண்டபத்துக்குக் குளிக்க வராது. ஆகவே சொல்பவர் ஒரு வீரனைத்தான் கருதுகிறார் என்பதை 'குளிக்கும் மண்டபம்' என்ற சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இவ்வாறு காட்டிக்கொடுக்கும் அடையாளத்துக்கு 'கரீனா' என்று பெயர். பொய் சொல்கிறவன் கரீனாவை மறைக்கப் பாடுபடுகிறான். தான் சொன்னதைக் கேட்பவர் அப்படியே நம்ப வேண்டும் என்பது அவனுடைய தேவை. உருவகம் சொல்கிறவருக்கோ கேட்பவர் நேர்ப் பொருளை நம்பிவிட்டால்தான் நஷ்டம். எனவே அடையாளத்தை அவரே முன்னால் வைக்கிறார். உம்மா சிரித்தால் வீட்டுக்குப் பெருநாள் என்று படித்தவர் எவரும் முற்றத்துக்கு ஓடிப் பிறை தேடப் போவதில்லை.

இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் ஹகீகத், மஜாஸ் என்று சொற்களை இரண்டாகப் பிரிப்பதையே மறுத்தார்கள் என்பதைக் கிதாபு ஓதிய சகோதரிகள் நினைவூட்டக் கூடும். உண்மைதான். ஆனால் அவர்களுடைய மறுப்பு வேறு வகையானது. எந்தச் சொல்லுக்கும் அது வரும் இடமே பொருள் தருகிறது, ஆகையால் இந்தப் பிரிவினைக்கு அடிப்படையில்லை என்பதே அவர்களுடைய வாதம். இப்படிப் பேசுகிறவரைப் பொய்யர் என்று அவர்கள் சொல்ல வரவில்லை.

'கேத்தல் கொதிக்குது' என்று நீங்கள் தினமும் சொல்கிறீர்கள். கொதிப்பது தண்ணீர், கேத்தல் அல்ல. 'ஊரே கல்யாணத்துக்கு வந்தது' என்கிறோம். வந்தது ஊரார், மண்ணும் மரமும் அல்ல. தமிழ் இலக்கணம் இதை ஆகுபெயர் என்கிறது. யூஸுஃப் (அலை) அவர்களுடைய சகோதரர்கள் தந்தையிடம் வந்து, தாங்கள் இருந்த ஊரையே கேட்டுப் பார்க்கும்படி சொன்னதாக அல்குர்ஆன் கூறுகின்றதே, அதுவும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். இதையெல்லாம் பொய் என்றால் அடுப்படியில் ஒரு தாயும் வாய் திறக்க முடியாது.

காணாத ஒன்றை உவமையாக்கலாமா?

நரகத்திலுள்ள ஸக்கூம் மரத்தின் பாளைகளுக்கு ஷைத்தான்களின் தலைகளை அல்குர்ஆன் உவமை சொல்கிறது. பக்தாதில் ஒரு சபையில் அபூ உபைதா என்ற மொழியறிஞரிடம் இதுபற்றிக் கேட்கப்பட்டது. தெரிந்த பொருளைக் காட்டியல்லவா தெரியாததை விளக்க வேண்டும், ஷைத்தானின் தலையை யார் கண்டார் என்பது கேள்வி. அறபிகள் தங்கள் பேச்சு வழக்கில் இப்படிச் சொல்வதுண்டு, பேயின் பல்லை யாரும் கண்டதில்லை, ஆனால் அது அவர்களை அச்சுறுத்தியது, அதனால் அதைக் கொண்டு உவமை சொன்னார்கள் என்று அவர் விடை கொடுத்தார். அந்தக் கேள்விதான் 'மஜாஸுல் குர்ஆன்' என்ற நூலை எழுத அவரைத் தூண்டியது என்று அறிவிக்கப்படுகிறது. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த விடயம் இது.

தமிழிலே இதற்கு இல்பொருள் உவமை என்று பெயர் இருக்கிறது. அறபுக்கும் தமிழுக்கும் இடையில் கடல் கிடந்தும், இரு மொழிக்காரரும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

எல்லா இடத்திலும் இப்படி ஒன்றாக நிற்பதில்லை. தமது மனைவியருள் எவருக்குக் கை மிக நீளமோ அவரே தமக்குப் பின் முதலில் தம்மை வந்தடைவார் என நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, உம்மஹாத்துல் முஃமினீன்கள் கைகளை அளந்து பார்த்தார்கள். பின்னர் முதலில் வஃபாத்தானவர் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 20இல் அது நிகழ்ந்தது. தோல் பதனிட்டும் தைத்தும் தம் கையால் உழைத்து, அதை ஏழைகளுக்குக் கொடுத்து வந்தவர் அவர். கை நீளம் என்றால் கொடை என்பது அப்போதுதான் ஏனையோருக்கு விளங்கியது. இதை ஒருவர் சொல்லுக்குச் சொல் தமிழில் பெயர்த்து, விளக்கம் ஏதுமின்றி நமது பெண்களிடம் "அவருக்குக் கை நீளம்" என்று சொன்னால் என்ன நடக்கும்? நம் ஊர்ப் பேச்சில் கை நீளம் என்றால் களவு, இல்லாவிட்டால் அடிதடி. ஒரே உறுப்பு, ஒரே நீளம், ஆனால் பொருள் எதிர்மாறு. உருவகத்துக்கு ஊர் உண்டு. அந்த ஊர்க்காரரிடம்தான் அதன் பொருளைக் கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். துணைவரையும் பிள்ளைகளையும் கண்குளிர்ச்சியாக ஆக்கித் தரும்படி கேட்கும் துஆ ஸூறதுல் ஃபுர்கானில் இருக்கிறது. பாலைவனத்து வெயிலில் இருந்தவர்களுக்குக் குளிர்ச்சி என்றால் இன்பம். நமக்கும் அப்படியே. அதனால்தான் 'கண் குளிரப் பார்த்தேன்', 'மனது குளிர்ந்தது' என்று நாமும் சொல்கிறோம். பனி பெய்யும் நாட்டாருக்கோ சூடுதான் இன்பம். அவர்களுடைய பேச்சை அப்படியே பெயர்த்து, 'சூடான வரவேற்பு அளிக்கப்பட்டது' என்று செய்தி எழுதுகிறார்களே, அதைப் படிக்கும்போது விருந்தினரை வெயிலில் நிறுத்தி வைத்தார்களோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

மிகைப்படுத்தல்

பெரியவர்கள் அதிகமாகப் பயப்படும் வகை இதுதான். தமிழில் உயர்வு நவிற்சி. 'எச்சில் கையால் காகம் ஓட்டமாட்டான்' என்று கஞ்சனைச் சொல்கிறோமே, அதுபோன்றது. உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அறபு நாட்டை மழையும் வெள்ளமும் நெல்வயலுமாக வருணித்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு மக்காவில் நெல் விளையுமா என்று கேட்பவருக்கு, காப்பியம் பாடும் தமிழ்ப் புலவரின் வழக்கம் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு பெண்ணின் வாழ்க்கை சம்பந்தப்பட்ட இடத்திலேயே மிகைப்படுத்திய பேச்சு வந்திருக்கிறது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களைப் பெண் கேட்டு இருவர் வந்தபோது நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். அவ்விருவருள் அபூ ஜஹ்ம் என்பவர் தோளிலிருந்து தடியைக் கீழே வைக்காதவர் என நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவர் பெண்களை அதிகம் அடிப்பவர் என்று மற்றோர் அறிவிப்பில் வெளிப்படையாகவே வந்திருக்கிறது. உண்ணும்போதும் உறங்கும்போதும் அவர் தடியை வைத்துத்தான் இருப்பார் அல்லவா? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில் இதைச் சுட்டிக்காட்டி, மஜாஸாகப் பேசுவது ஆகும் என்பதற்கு இந்த ஹதீஸை ஆதாரமாக்குகிறார்கள். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருபவரிடம் "அவர் கொஞ்சம் கோபக்காரர்" என்று மழுப்பி அனுப்புவதை விட, அந்தத் தடி ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தெளிவாக எச்சரிக்கை கொடுத்துவிட்டது!

மறைத்துச் சொல்வது

சொல்ல வெட்கமானதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதைத் தமிழில் இடக்கரடக்கல் என்பார்கள். அரபியில் இது 'கினாயா'வின் ஒரு பகுதி. மலங்கழிப்பதற்கு அல்குர்ஆன் பயன்படுத்தும் 'ஃகாயித்' என்ற சொல்லின் பழைய பொருள் தாழ்வான நிலம் என்பதுதான். ஒதுக்குப்புறமான பள்ளத்துக்குப் போய்வந்தவர் என்று சொல்லி விடயத்தை விளங்கவைத்தார்கள். நமது மூத்தம்மாமார் 'வெளிக்குப் போதல்' என்று சொன்னதும் இதே ஒழுக்கத்தில்தான். வீட்டுக்குள்ளேயே குளியலறை வந்த பிறகும் அந்தச் 'வெளி' பேச்சிலிருந்து முற்றாகப் போய்விடவில்லை.

ஆனால் கினாயா இன்னோர் இடத்திலும் வருகிறது. சகோதரிகள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். நமது ஷாஃபிஈ மத்ஹபில் விவாகரத்துச் சொற்கள் இரண்டு வகை. தலாக் என்ற சொல்லும் அதுபோன்ற வேறு சில சொற்களும் வெளிப்படையானவை. மற்றவை கினாயா, சொன்னவருடைய நிய்யத்தைக் கொண்டே அவற்றின் சட்டம் அமையும். கோபத்தில் கணவர் "உங்கட உம்மா வீட்டுக்குப் போ" என்கிறார். அது வெறும் கோபமா, பிரிவா? கஃப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தபூக் யுத்தத்துக்குப் போகாமல் பின்தங்கி, மக்கள் அவர்களோடு பேசாதிருந்த நாட்களில், மனைவியை விட்டு விலகியிருக்கக் கட்டளை வந்தது. மனைவியை அவருடைய குடும்பத்தாரிடம் போய் இருக்கும்படி கஃப் (ரலி) அவர்கள் சொன்னார்கள். அது தலாக் ஆகவில்லை. அவர்கள் அதை நினைக்கவுமில்லை. அதே சொல்லைத் தலாக்கை நினைத்துச் சொன்னால் நிலைமை வேறு.

எழுத்தின் விடயம் இன்னும் கவனிக்கத்தக்கது. பேசக் கூடிய ஒருவர் தலாக் என்று எழுதினாலும், அந்த எழுத்தைக் கினாயாவாகவே ஷாஃபிஈ ஃபுகஹாக்கள் கணித்திருக்கிறார்கள். அன்று கடிதத்தில் எழுதியதை இன்று கையடக்கத் தொலைபேசியில் ஒரு நொடியில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அப்படி ஒன்று வந்துவிட்டால், பத்திரிகையைப் பார்த்துத் தீர்ப்புச் செய்யாமல், எழுதிய சொல்லையும் எழுதியவரையும் ஓர் ஆலிமுக்கு முன்னால் கொண்டுபோக வேண்டும்.

உவமை ஒன்று பொய்யென்றே தீர்ப்பளிக்கப்பட்ட இடமும் உண்டு. ஜாஹிலிய்யாக் காலத்து ஆண்கள் மனைவியைப் பார்த்து, "நீ எனக்கு என் தாயின் முதுகைப் போன்றவள்" என்று சொல்லிவிடுவார்கள். அத்துடன் அவள் மனைவியுமில்லை, வேறொருவரை மணக்க விடுதலை பெற்றவளும் இல்லை. இதற்கு 'ளிஹார்' என்று பெயர். அவ்ஸ் இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் முதுமையில் ஒரு கோபத்தில் இதைச் சொல்லிவிட, அவருடைய மனைவி கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். இளமையைக் கொடுத்தேன், பிள்ளைகளைப் பெற்றேன், வயதான காலத்தில் இப்படிச் செய்துவிட்டாரே என்பதே முறைப்பாடு. அதே வீட்டின் ஒரு பக்கத்திலிருந்த ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அந்தப் பேச்சின் ஒரு பகுதி கேட்கவில்லை. ஆனால் ஏழு வானங்களுக்கும் மேலே அது கேட்டது. ஸூறதுல் முஜாதலாவின் தொடக்க வசனங்கள் இறங்கின. பெற்றவள்தான் தாய், மனைவி தாயாக மாட்டாள், அப்படிச் சொல்வது வெறுக்கத்தக்க சொல், பொய் என அல்லாஹ் அறிவித்தான். மனைவியிடம் திரும்புவதற்கு முன் ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். இயலாவிட்டால் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு. அதற்கும் இயலாவிட்டால் அறுபது ஏழைகளுக்கு உணவு.

நாலைந்து சொற்கள் கொண்ட ஓர் உவமைக்கு இத்தனை பெரிய பரிகாரம்! பராஉ (ரலி) அவர்களின் சந்திரனும் உவமைதான், இதுவும் உவமைதான். அது முகத்தை நமக்குக் காட்டுகிறது. இதுவோ ஒரு பெண்ணின் உரிமையைப் பறிக்க வருகிறது. இலக்கணத்தில் இரண்டுக்கும் வேறுபாடு காண முடியாது. 'போல' இரண்டிலும் இருக்கிறது. (அன்பினாலும் மரியாதையினாலும் "நீ என் உம்மாவைப் போல" என்று சொன்னவரைப் பற்றிச் சிலர் பயந்துபோய்க் கேட்பதுண்டு. கண்ணியம் கருதிச் சொன்னால் அது ளிஹாரில் சேராது என்று நமது மத்ஹப் நூல்கள் கூறுகின்றன. "உன் ஆணம் எங்கட உம்மாட ஆணம் மாதிரி" என்று சொன்னால் தாராளமாகச் சந்தோஷப்படுங்கள்!)

எழுத விரும்பும் பெண்களுக்கு

எழுதிப் பழகும் பிள்ளைகளின் கதைகளிலும் கவிதைகளிலும் முத்துப் போன்ற பல், மான் போன்ற விழி, கயல் போன்ற கண் ஆகியவை அடிக்கடி வருகின்றன. அவை பொய் என்பதல்ல என் குறை. எழுதியவர் முத்தையும் பார்த்திருக்க மாட்டார், மானின் கண்ணையும் பார்த்திருக்க மாட்டார். இரவல் வாங்கியவரிடம் இரவல் வாங்கியவை அவை.

இதற்கு நல்ல பாடம் வேண்டுமானால் உம்மு ஸர்உ ஹதீஸைப் படியுங்கள். பதினொரு பெண்கள் கூடியிருந்து, தத்தம் கணவரைப் பற்றி எதையும் மறைக்காமல் சொல்வதென்று உறுதிசெய்துகொண்ட கதை. ஆயிஷா (ரலி) அவர்கள் அதை விவரமாகச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதன் சொல்லழகுக்காகவே காழீ இயாழ் (ரஹ்) அவர்கள் தனி விரிவுரை நூல் எழுதினார்கள்.

ஒருத்தி தன் கணவரைக் கரடுமுரடான மலையுச்சியில் வைத்த மெலிந்த ஒட்டக இறைச்சி என்கிறாள். ஏறுவதற்கு வழியும் இலேசில்லை, ஏறிப் போனாலும் எடுத்து வரத்தக்க கொழுப்பு இல்லை. கஞ்சத்தனமும் கடுகடுப்பும் சேர்ந்த ஒரு மனிதரை இதைவிட எப்படிச் சொல்வது? இன்னொருத்திக்குக் கணவர் திஹாமாவின் இரவு. செங்கடலோரச் சமவெளியின் இரவு, சூடுமில்லை குளிருமில்லை. வேறொருத்தியின் கணவர் வீட்டுக்குள் வந்தால் வேட்டைச் சிறுத்தை, வெளியே போனால் சிங்கம். வெளியே வீரர் என்பது எவருக்கும் விளங்கும். வீட்டிலே சிறுத்தை என்பது புகழ்ச்சியா, குறையா என்று அறிஞர்கள் இரண்டு விதமாகவும் பேசியிருக்கிறார்கள். சிறுத்தை அதிகம் தூங்கும் பிராணி என்பது அறபிகளுக்குத் தெரியும். வீட்டில் நடக்கும் சின்னச் சின்னக் குறைகளைக் கண்டும் காணாமல் இருப்பவர் என்று சொல்கிறாளா, வந்ததும் படுத்துவிடுகிறார் என்று குறைப்படுகிறாளா? அந்தச் சகோதரிக்குத்தான் வெளிச்சம்.

மற்றொருத்தி தன் கணவரின் சாம்பல் அதிகம் என்கிறாள். சாம்பல் அதிகமென்றால் விறகு அதிகம் எரிந்திருக்கிறது. விறகு எரிந்தால் சமையல். சமையல் என்றால் விருந்தாளிகள். கொடையாளி என்ற சொல்லே வரவில்லை, அடுப்புச் சாம்பலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாள். கினாயாவின் உச்சம் இது. கேஸ் அடுப்பிலே சமைக்கும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்காதுதான். 2022இல் நாட்டில் கேஸ் கிடைக்காமல் எல்லாரும் விறகைத் தேடி ஓடியபோது சாம்பல் அள்ளியவர்களுக்கு விளங்கியிருக்கும்.

ஒட்டக இறைச்சி, மலைப்பாதை, ஊரின் இரவுக் காற்று, அடுப்புச் சாம்பல். இவர்கள் எவரும் புத்தகத்தைத் திறந்து உவமை தேடவில்லை. நமக்கும் தென்னோலைக் கிடுகு இருக்கிறது, சோளகக் காற்று இருக்கிறது, இடியப்ப உரல் இருக்கிறது, கதிர் அறுத்த வயல் இருக்கிறது. கிழக்கு மாகாணத்து நாட்டார் கவிகளில் பெயர் தெரியாத பெண்கள் இவற்றைக் கொண்டு எவ்வளவு சொல்லியிருக்கிறார்கள் என்று உங்கள் ஊர் மூத்தம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள்.

பதினோராவது பெண்தான் உம்மு ஸர்உ. வறுமையில் கிடந்த தன்னைக் கணவர் அபூ ஸர்உ செழிப்பான குடும்பத்துக்குக் கொண்டுவந்ததையும், காது நிறைய நகை பூட்டியதையும், தான் சொன்னதற்குக் குறைசொல்லாமல் இருந்ததையும் அவள் சொல்கிறாள். பின்னர் அவர் அவளை விவாகரத்துச் செய்துவிட்டு வேறொருத்தியை மணந்தார். அவளையும் இன்னொரு நல்ல மனிதர் மணந்து நிறையக் கொடுத்தார். அவர் கொடுத்த அத்தனையையும் சேர்த்தாலும் அபூ ஸர்இன் ஆகச் சிறிய பாத்திரம்கூட நிறையாது என்று முடிக்கிறாள்.

இத்தனை நீண்ட கதையையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், உம்மு ஸர்உக்கு அபூ ஸர்உ எப்படியோ அப்படியே தாம் ஆயிஷாவுக்கு என்று அவர்களிடம் கூறினார்கள். அபூ ஸர்உ விவாகரத்துச் செய்தார், தாம் விவாகரத்துச் செய்யமாட்டார் என்பதும் சில அறிவிப்புகளில் சேர்ந்து வருகின்றது. உவமையில் எந்தப் பகுதி பொருந்தும், எந்தப் பகுதி பொருந்தாது என்பதை மனைவி யோசித்துக் கலங்கும்படி விடாமல், நபி (ஸல்) அவர்களே பிரித்துச் சொல்லிவிட்டார்கள்.